அயல்நாட்டில் ஆறு மாதம்!

ஒரு மாணவன் தன் கல்லூரியை விட்டு, ஆறு மாதம் வேறு நாட்டுக்குப் போகிறான்.

அங்கே உள்ள கல்லூரியில் பாடம் கேட்கிறான். பரீட்சை எழுதுகிறான். திரும்பி வருகிறான். விட்ட இடத்தில் இருந்து தன் படிப்பைத் தொடருகிறான்.

பட்டம் கொடுப்பது அவனுடைய சொந்தக் கல்லூரிதான். ஆனால் அந்தப் பட்டத்தில் ஒரு பங்கு, அயல்நாட்டில் படித்த படிப்பு!

ஐரோப்பாவில் இது இன்று சாதாரணக் காரியம். ரொட்டிக் கடைக்காரர் மகளும் போகிறாள். பஸ் ஓட்டுகிறவர் மகனும் போகிறான். இதற்காகவே "எராஸ்மஸ்" என்று ஒரு திட்டம் இருக்கிறது. 1987-ம் ஆண்டில் தொடங்கிய திட்டம் அது. மாணவர்களும் ஆசிரியர்களும் தொழில் பழகுவோருமாக, இதுவரை ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் அதன் மூலம் வெளிநாடு போய் வந்து இருக்கிறார்கள்.

"செமஸ்டர்" என்ற சொல் இப்போது நம் வீடுகளிலும் புழங்குகிறது. அது லத்தீன் மொழியில் இருந்து வந்த சொல். ஆறு மாதம் என்பதுதான் அதன் பொருள்.

ஆறு மாதத்தில் என்ன பெரிதாகப் படித்துவிட முடியும்? ஊர் சுற்றிப் பார்க்கத்தானே இந்த ஏற்பாடு? இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். விடை ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது. போன இடத்தில் படித்தது, சொந்தக் கல்லூரியின் கணக்கில் சேருகிறதா, இல்லையா?

சேர்ந்தால் அது படிப்பு. சேராவிட்டால் அது உல்லாசப் பயணம். பணம் இருப்பவர்கள் மட்டுமே போகக் கூடிய பயணம்!

பிரபுக்களின் பயணம்

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் வழக்கம் ஐரோப்பாவில் புதிது அல்ல.

17, 18-ம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து நாட்டுப் பிரபுக்கள் தங்கள் பிள்ளைகளைப் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் அனுப்பினார்கள். பையன் தனியாகப் போக மாட்டான். கூடவே ஓர் ஆசிரியர் போவார். வேலைக்காரர்கள் போவார்கள். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று பயணம் நீளும். பழைய கோவில்களையும் மாளிகைகளையும் பார்ப்பார்கள். நடனமும் பிரெஞ்சு மொழியும் கற்றுக் கொள்வார்கள்.

பொருளாதாரத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித், இப்படி ஆசிரியராகப் போனவர்தான். 1764-ம் ஆண்டில் அவர் கிளாஸ்கோ பல்கலைக் கழகப் பேராசிரியர் வேலையை விட்டார். ஓர் இளம் பிரபுவோடு பிரான்சுக்குப் போனார். அதற்குச் சம்பளம் ஆண்டுக்கு 300 பவுன். பிறகு ஆயுள் முழுவதும் பென்ஷன்!

இவ்வளவு செலவு யாரால் செய்ய முடியும்? நிலமும் அரண்மனையும் உள்ளவர்களால்தான் முடியும்.

அந்தப் பிள்ளைகளுக்கு மார்க் வேண்டியது இல்லை. பட்டமும் வேண்டியது இல்லை. இரண்டு ஆண்டு வீணானாலும் கவலை இல்லை. வீட்டில் சொத்து காத்திருந்தது.

உழைத்துச் சாப்பிடும் குடும்பத்தில் நிலைமை அப்படியா? ஓர் ஆண்டு வீணானால் ஓர் ஆண்டுச் சம்பளம் போயிற்று! தங்கையின் கல்யாணம் தள்ளிப் போகும். வாங்கிய கடனுக்கு வட்டி ஏறும்.

ஆகவேதான் "படித்தது கணக்கில் சேருமா?" என்பது ஏழையின் கேள்வி. பணக்காரனுக்கு அந்தக் கேள்வியே எழாது.

ஒரு பெண் பட்ட அவமானம்

இந்தக் கேள்வியை ஐரோப்பா முழுவதும் எழுப்பியவர் ஓர் இத்தாலியப் பெண். பெயர் சோபியா கொராடி. 1934-ம் ஆண்டில் ரோம் நகரில் பிறந்தவர்.

ரோம் நகரப் பல்கலைக் கழகத்தில் அவர் சட்டம் படித்தார். கெட்டிக்கார மாணவி. 1957-ம் ஆண்டில் அவருக்கு அமெரிக்காவின் "புல்பிரைட்" உபகாரச் சம்பளம் கிடைத்தது. நியூயார்க் நகருக்குப் போனார். புகழ் பெற்ற கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பல நாடுகளின் சட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் படிப்பில் முதுகலைப் பட்டம் வாங்கினார்.

1958-ல் ஊர் திரும்பினார். அமெரிக்காவில் வாங்கிய பட்டத்தோடு தன் பல்கலைக் கழகத்துக்குப் போனார். "அங்கே படித்ததை இங்கே சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று கேட்டார்.

"முடியாது" என்றார்கள்.

அதோடு விடவில்லை. அமெரிக்காவில் பொழுதைப் போக்கிவிட்டு வந்தவளைப் போல, மற்ற மாணவர்கள் முன்னால் வைத்து ஓர் அதிகாரி அவரை ஏளனம் செய்தார்.

ஓர் ஆண்டு உழைத்துப் படித்த படிப்புக்கு அங்கே மதிப்பு இல்லை. இன்னும் ஓர் ஆண்டு படித்துத்தான் அவர் இத்தாலியப் பட்டத்தை வாங்க முடிந்தது.

வேறு ஒருவராக இருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் இருப்பார். அல்லது கோபத்தில் அமெரிக்காவுக்கே திரும்பிப் போய் இருப்பார்.

கொராடி அப்படிச் செய்யவில்லை. "எனக்கு நடந்தது இனி ஒருவருக்கும் நடக்கக் கூடாது" என்று முடிவு செய்தார்.

18 ஆண்டுப் போராட்டம்

பிறகு அவருக்கு இத்தாலியப் பல்கலைக் கழகத் தலைவர்களின் சங்கத்தில் ஆலோசகர் வேலை கிடைத்தது. அந்த இடத்தில் இருந்து கொண்டே காரியத்தைத் தொடங்கினார்.

1969-ம் ஆண்டில் ஒரு குறிப்பு எழுதினார். அதன் சாரம் மிக எளிது: "மாணவன் தன் படிப்பில் ஒரு பகுதியை வெளிநாட்டில் படிக்கலாம். புறப்படும் முன்பே கல்லூரியின் சம்மதம் வாங்க வேண்டும். படித்துவிட்டு வந்தால், அதைக் கல்லூரி ஏற்றுக் கொள்ள வேண்டும்."

பார்த்தவரிடம் எல்லாம் இதையே சொன்னார். பேராசிரியர்களிடம் சொன்னார். மந்திரிகளிடம் சொன்னார். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்.

1976-ம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளின் கல்வி மந்திரிகள், முதலில் சிறிய அளவில் இதைச் சோதித்துப் பார்க்க இசைந்தார்கள். பத்து ஆண்டு சோதனை நடந்தது.

1986-ல் பெரிய திட்டம் தயார் ஆயிற்று. ஆனால் எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பதில் நாடுகளுக்குள் இழுபறி. திட்டம் நின்றுவிடும் போல இருந்தது. அப்போது மாணவர்களே களத்தில் இறங்கினார்கள். ஐரோப்பிய மாணவர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்த பிரான்க் பியாங்கேரி என்ற பிரெஞ்சு இளைஞர், பிரான்ஸ் ஜனாதிபதி மித்தரானிடம் பேசி ஆதரவு தேடினார்.

1987 ஜூன் மாதம் திட்டம் நிறைவேறியது. முதல் ஆண்டில் 11 நாடுகளில் இருந்து 3,244 மாணவ-மாணவிகள் புறப்பட்டார்கள்.

குறிப்பு எழுதியது 1969-ல். காரியம் முடிந்தது 1987-ல். இடையில் 18 ஆண்டுகள்!

ஐரோப்பிய மாணவர்கள் சோபியா கொராடியை "எராஸ்மஸ் அம்மா" என்று அன்போடு அழைத்தார்கள். அவர் 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம், 91-வது வயதில் காலமானார்.

எராஸ்மஸ் என்பது யார்? அவர் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பேரறிஞர். ஹாலந்து நாட்டில் ராட்டர்டாம் நகரில் பிறந்தவர். பாரிசில் படித்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பாடம் சொன்னார். இத்தாலிக்குப் போனார். 1536-ல் சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் காலமானார். நாடு நாடாகச் சென்று படித்தவரின் பெயரையே இந்தத் திட்டத்துக்கு வைத்தார்கள்.

புறப்படும் முன் கையெழுத்து

திட்டம் எப்படி நடக்கிறது?

மாணவி புறப்படும் முன்பே ஓர் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. அங்கே என்னென்ன பாடம் படிக்கப் போகிறாள்? இங்கே எந்தப் பாடத்துக்கு அது ஈடு? எல்லாம் அதில் இருக்கும்.

அதில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். மாணவி, அனுப்பும் கல்லூரி, ஏற்கும் கல்லூரி.

ஒரு நாட்டுப் பாடத்தையும் மற்றொரு நாட்டுப் பாடத்தையும் எதை வைத்து அளப்பது? அரிசிக்குப் படி இருக்கிறது. துணிக்கு மீட்டர் இருக்கிறது. படிப்புக்கு?

அதற்கும் ஓர் அளவு கண்டுபிடித்தார்கள். 1989-ல் அது நடைமுறைக்கு வந்தது. "கிரெடிட்" என்று அதற்குப் பெயர். ஓர் ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட். ஆறு மாதம் என்றால் 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காரும் நேரம், வீட்டில் படிக்கும் நேரம், பரீட்சைக்குத் தயார் செய்யும் நேரம் எல்லாம் அதில் அடங்கும்.

மாணவி அங்கே 30 கிரெடிட் முடித்தால், அந்தக் கல்லூரி மார்க் பட்டியல் அனுப்பும். சொந்தக் கல்லூரி அந்த 30 கிரெடிட்டையும் தன் ஏட்டில் ஏற்றிக் கொள்ள வேண்டும். "எங்கள் பாடத்தையும் மறுபடி எழுது" என்று சொல்லக் கூடாது.

இன்னொரு நன்மையும் உண்டு. ஏற்கும் கல்லூரி இந்த மாணவர்களிடம் படிப்புச் சம்பளமோ பரீட்சைக் கட்டணமோ வாங்குவது இல்லை.

1 மார்க் வாங்கினால் முதல்வன்!

கிரெடிட் கணக்கு முடிந்தது. மார்க் கணக்கு அவ்வளவு சுலபம் அல்ல.

இத்தாலியில் ஒரு பரீட்சைக்கு 30 மார்க். 18 வாங்கினால் பாஸ்.

பிரான்சில் 20 மார்க். 10 வாங்கினால் பாஸ்.

ஸ்பெயினில் 10 மார்க். 5 வாங்கினால் பாஸ்.

ஜெர்மனியில் எல்லாம் தலைகீழ்! அங்கே 1 வாங்கினால் முதல் தரம். 4 வாங்கினால் ஏதோ பாஸ். 5 வாங்கினால் பெயில்.

ரோமில் உள்ள ஒரு தாய், பெர்லினுக்குப் போன மகளின் மார்க்கைப் பார்க்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். "1" என்று போட்டு இருக்கிறது. தாய் தலையில் அடித்துக் கொள்வாள். உண்மையில் மகள் வகுப்பிலேயே முதல் வரிசையில் நிற்கிறாள்!

ஜெர்மனியின் 1-ஐ இத்தாலியில் எவ்வளவாகப் போடுவது? 30-ஆ, 28-ஆ? இந்தக் கணக்கைக் கல்லூரி முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், நன்றாகப் படித்த பெண்ணுக்கும் மார்க் குறையும். மார்க் குறைந்தால் மேற்படிப்பும் உத்தியோகமும் பாதிக்கப்படும்.

முதல் மாதம்

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும், ஊரில் போய் இறங்கியதும் வேறு பாடம் தொடங்குகிறது.

பெர்லினுக்குப் போன பெண்ணையே பார்ப்போம். முதல் கவலை, தங்கும் இடம். பெரிய நகரங்களில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. மாணவர் விடுதியில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அறை கிடைத்ததும் இரண்டு வாரத்துக்குள் நகர ஆபீசுக்குப் போய், "இந்த விலாசத்தில் இருக்கிறேன்" என்று பதிவு செய்ய வேண்டும். இது ஜெர்மனியின் சட்டம்.

ஞாயிற்றுக் கிழமை பால் வாங்கப் போனால் கடை மூடி இருக்கும். பெரும்பாலான கடைகளுக்கு அன்று விடுமுறை. சனிக் கிழமையே வாங்கி வைக்கத் தெரிய வேண்டும்.

தண்ணீர்ப் பாட்டிலைக் காலி செய்ததும் எறிந்துவிடக் கூடாது. கடையில் திருப்பிக் கொடுத்தால் பாட்டிலுக்கு 25 சென்ட் கிடைக்கும். பணத்தை எண்ணிச் செலவு செய்யும் மாணவிக்கு நாலு பாட்டில் சேர்ந்தால் ஒரு யூரோ!

வீட்டில் தாய் சமைத்துப் போட்டவள், தானே சமைக்க வேண்டும். துணி துவைக்க வேண்டும். வாடகை கட்ட வேண்டும். காய்ச்சல் வந்தால் தானே டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதுவும் வேற்று மொழியில்!

மொழிதான் பெரிய மதில். ஊரில் மொழி வகுப்புக்குப் போய்ப் படித்து இருப்பாள். ஆனால் பேராசிரியர் வேகமாகப் பேசும்போது பாதி புரியாது. பக்கத்து மாணவர்கள் சிரிப்பார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்றுகூடத் தெரியாது.

2002-ம் ஆண்டில் வந்த ஒரு பிரெஞ்சு சினிமாப் படம் இதைத்தான் காட்டியது. செட்ரிக் கிளாபிஷ் எடுத்த படம். பிரான்சு மாணவன் ஒருவன், ஸ்பெயினில் உள்ள பார்சலோனா நகருக்கு எராஸ்மஸ் திட்டத்தில் போகிறான். ஸ்பானிஷ் மொழியில் படிக்கலாம் என்று போனவனுக்கு அதிர்ச்சி. பேராசிரியர் ஸ்பானிஷ் மொழியில் பாடம் நடத்த மறுக்கிறார். அந்த வட்டாரத்து மொழியான கட்டலான் மொழியில்தான் நடத்துகிறார்! ஒரு நாட்டுக்குள்ளேயே பல மொழி உண்டு என்பதை அவன் அங்கே போய்த்தான் தெரிந்து கொள்கிறான்.

இந்தப் பாடம் நமக்குப் புதிது அல்ல. அவனுக்குப் புதிது.

முதலில் எல்லாம் வேடிக்கையாக இருக்கும். பிறகு வீட்டு ஞாபகம் வாட்டும். "ஏன் வந்தோம்?" என்று தோன்றும். மெல்ல மெல்லப் பழகும். லிஸ்கார்டு என்ற நார்வே நாட்டு அறிஞர், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய தம் நாட்டவர் சுமார் 200 பேரை விசாரித்து, 1955-ல் இதை எழுதினார். மனம் முதலில் உயரத்தில் இருக்கிறது, பிறகு பள்ளத்தில் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது என்றார். எல்லாருக்கும் ஒரே மாதிரி நடப்பது இல்லை என்று பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனாலும் பெற்றோர் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் இது.

மகள் ஒரு நாள் போனில் அழுகிறாள் என்பதற்காக, "உடனே திரும்பி வா" என்று சொல்லிவிடக் கூடாது. அவள் பள்ளத்தில் நிற்கலாம். அடுத்த மாதம் தானே ஏறி வந்துவிடலாம். ஆனால் நோயோ ஆபத்தோ என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால், அழாத நாளிலும் பேசிக் கொண்டு இருக்க வேண்டும்.

என்ன இலாபம்?

ஆறு மாதம் முடிகிறது. பிள்ளை திரும்பி வருகிறான். என்ன கொண்டு வருகிறான்?

2014-ம் ஆண்டில் ஐரோப்பியக் கமிஷன் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டது. பட்டம் வாங்கி ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், வெளிநாடு போய் வந்தவர்களிடையே வேலை இல்லாதோர் விகிதம் மற்றவர்களைவிட 23 சதவீதம் குறைவு என்று அதில் சொல்லப்பட்டது.

இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. போனவர்களில் 27 சதவீதம் பேர், தங்கள் வாழ்க்கைத் துணையைப் போன இடத்தில்தான் கண்டார்களாம். 1987-க்குப் பிறகு இப்படிச் சேர்ந்த ஜோடிகளுக்குப் பத்து இலட்சம் குழந்தைகள் பிறந்து இருக்கலாம் என்று கமிஷன் கணக்குப் போட்டது!

ஆனால் இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. போகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே கெட்டிக்காரர்கள். துணிச்சல்காரர்கள். வசதி உள்ளவர்களும் அவர்களில் உண்டு. போகாமல் இருந்தாலும் அவர்களில் பலருக்கு வேலை கிடைத்து இருக்கும். முழுப் பெருமையையும் ஆறு மாதத்துக்குக் கொடுத்துவிட முடியாது.

எண்ணில் அடங்காத இலாபம் வேறு இருக்கிறது. தன் காரியத்தைத் தானே பார்த்துக் கொள்ளும் தைரியம் வருகிறது. தன் வீட்டுப் பழக்கம்தான் உலகப் பழக்கம் என்ற எண்ணம் போகிறது. ஜெர்மன்காரனும் பிரெஞ்சுக்காரனும் இரண்டு உலகப் போர்களில் ஒருவரை ஒருவர் சுட்டுக் கொண்டார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, ஒரே பரீட்சைக்குப் படிக்கிறார்கள். இது சிறிய இலாபமா?

ஏழைக்கு எட்டுகிறதா?

எராஸ்மஸ் திட்டத்திலும் குறை உண்டு.

மாணவர்களுக்கு மாதப் பணம் கொடுக்கிறார்கள். ஆனால் பெரிய நகரத்தில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது போதுவது இல்லை. மீதியை வீடு கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை, தகுதி இருந்தும் மனுப் போடுவது இல்லை. பகுதி நேர வேலை செய்து படிக்கிறவன், அந்த வேலையை விட்டுவிட்டுப் போக முடிவது இல்லை.

இதை உணர்ந்து, 2021-ல் தொடங்கிய ஏழு ஆண்டுத் திட்டத்தில் ஒரு மாறுதல் செய்தார்கள். வசதிக் குறைவான மாணவர்களுக்கு மாதம் 250 யூரோ கூடுதலாக ஒதுக்கினார்கள். அந்த ஏழு ஆண்டுகளுக்கு மொத்த ஒதுக்கீடு சுமார் 2,600 கோடி யூரோ.

பணம் பெரிய தடைதான். ஆனால் பணத்தைவிடக் கொடிய தடை ஒன்று உண்டு. அதுதான் திரும்பி வந்த பிறகு, "இது செல்லாது" என்று கல்லூரி சொல்வது. இன்றும் ஐரோப்பாவில் சில இடங்களில் அது நடக்கிறது. "என் பாடத்தை என்னிடம்தான் படிக்க வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்கும் பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன இடத்தில் பாடம் மாறிவிட்டது, ஒப்பந்தத்தைத் திருத்தவில்லை என்று காரணம் சொல்லி மறுப்பதும் உண்டு.

உபகாரச் சம்பளம் கொடுக்கக் கோடிக் கணக்கில் பணம் வேண்டும். படித்ததை ஏற்றுக் கொள்ள ஒரு கையெழுத்து போதும்! செலவு இல்லாத இந்த உதவியைக்கூடச் செய்ய மறுப்பது என்ன நியாயம்?

நம் பிள்ளைகள்

நம் நாட்டுக்கும் இந்த விஷயத்தில் சம்பந்தம் உண்டு.

2004-ம் ஆண்டில் "எராஸ்மஸ் முண்டஸ்" என்ற பிரிவு தொடங்கியது. முதுகலைப் படிப்பை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கும் ஏற்பாடு இது. இதில் இந்திய மாணவர்களும் உபகாரச் சம்பளம் பெறுகிறார்கள். 2015 முதல், ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள கல்லூரி மாணவர்களும் ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்க வழி திறந்தது. ஆனால் இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

இந்தியாவில் பல்கலைக் கழக மானியக் குழு 2021-ல் "கிரெடிட் வங்கி" ஏற்படுத்த விதி செய்தது. மாணவன் படித்துச் சேர்த்த கிரெடிட், அவன் பெயரில் கணக்கில் இருக்கும். 2022-ல் மற்றொரு விதி வந்தது. ஒப்பந்தம் உள்ள வெளிநாட்டுக் கல்லூரியில் படித்து வாங்கும் கிரெடிட்டை, மொத்தத்தில் 30 சதவீதம் வரை, இங்கே வாங்கும் பட்டத்தில் சேர்த்துக் கொள்ளலாம் என்று அது சொன்னது.

விதி எழுதியாயிற்று. ஆனால் விதி ஏட்டில் இருந்தால் போதாது. கல்லூரி ஆபீசில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து இருப்பவருக்கும் அது தெரிய வேண்டும். ரோமில் கொராடியை அவமானப்படுத்தியது வெறும் சட்டம் அல்ல. மேஜைக்குப் பின்னால் இருந்த ஒரு மனிதர்!

"உங்கள் மகனை ஒரு செமஸ்டர் வெளிநாட்டுக்கு அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால், பெற்றோர் மயங்கிவிடக் கூடாது. பயந்தும் விடக் கூடாது. ஐந்து கேள்வி கேட்க வேண்டும்.

1. இரண்டு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா? எழுத்தில் காட்ட முடியுமா?

2. அங்கே படிக்கும் எந்தப் பாடம், இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு? யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

3. அந்த நாட்டு மார்க்கை இங்கே எப்படி மாற்றுவார்கள்?

4. படிப்புச் சம்பளத்தை இங்கே கட்ட வேண்டுமா, அங்கே கட்ட வேண்டுமா, இரண்டு இடத்திலுமா? விமானம், விசா, வாடகை, சாப்பாடு, மருத்துவ இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?

5. அங்கே ஒரு பாடத்தில் பெயில் ஆனால் என்ன வழி? பட்டம் தள்ளிப் போகுமா?

இந்த ஐந்துக்கும் எழுத்தில் விடை கிடைத்தால், தைரியமாக அனுப்பலாம். "அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று பதில் வந்தால், பெட்டியைக் கட்ட வேண்டாம்!

கடன் வாங்கி அனுப்புகிறவர்கள் இன்னும் ஒரு மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வட்டி மாதா மாதம் தவறாமல் வரும். கிரெடிட் அப்படித் தவறாமல் வரும் என்பது நிச்சயம் இல்லை.

செய்ய வேண்டியது

கல்லூரிகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம் என்று விளம்பரம் செய்வது எளிது. விமான நிலையத்தில் மாலை போட்டுப் படம் பிடிப்பதும் எளிது. அந்த மாணவன் திரும்பி வந்து, மார்க் பட்டியலை நீட்டும் நாளில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கல்லூரியின் நேர்மை இருக்கிறது.

போகும் முன்பே பாடத்தை முடிவு செய்ய வேண்டும். மார்க் மாற்றும் கணக்கை அறிவிப்புப் பலகையில் எல்லாரும் பார்க்க ஒட்ட வேண்டும். வந்ததும் தாமதம் இன்றி ஏட்டில் ஏற்ற வேண்டும். மாணவனை ஆபீஸ் ஆபீசாக அலைய விடக் கூடாது.

அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. தகுதி உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் வேண்டும். அதுவும் புறப்படும் முன்பே கையில் கிடைக்க வேண்டும். செலவு செய்துவிட்டு வந்து ரசீது காட்டினால் தருகிறோம் என்றால், முதலில் செலவு செய்யப் பணம் உள்ளவன்தான் போவான்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு மாதம் என்பது 26 வாரம். மொழி பழகவே முதல் வாரங்கள் போய்விடும். நம் ஊர்ப் பிள்ளைகளோடு மட்டும் கூடிக் கொண்டு, அறைக்குள்ளேயே இருந்துவிட்டு வந்தால், விமானக் கட்டணம்தான் மிச்சம். வகுப்பில் வாயைத் திறந்து கேள்வி கேட்க வேண்டும். தப்பாகப் பேசினாலும் பேச வேண்டும். அந்த ஊர் மக்களோடு பழக வேண்டும். திரும்பி வந்த பிறகு, "அங்கே எல்லாம் அப்படி, இங்கே எல்லாம் இப்படி" என்று ஊரைப் பழிக்கக் கூடாது. கண்ட நல்லதை இங்கே செய்து காட்டினால், அதுவே பெருமை.

1958-ல் ஒரு பெண்ணிடம் "இது செல்லாது" என்று சொன்னார்கள். அதனால் அவருக்கு ஓர் ஆண்டு நஷ்டம். அவர் பிடிவாதமாக நின்றதால் கோடிப் பேருக்கு வழி பிறந்தது.

நம் ஊரில் ஒரு தொழிலாளியின் மகளும் அந்த வழியில் நடந்து போக வேண்டும். திரும்பி வந்து அவள் நீட்டும் மார்க் பட்டியலைப் பார்த்து, "இது செல்லும்" என்று கல்லூரி சொல்ல வேண்டும்!